தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பனிச்சறுக்குக்கு: கையிலுள்ள பணத்துக்கு ஏற்ற மலையைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

நம் மாவட்டங்களிலிருந்து பனிச்சறுக்கு கற்கக் கிளம்புகிறவர்களுக்குத் தமிழில் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு. கிடைப்பவையும் பெரும்பாலும் டெல்லியிலோ சண்டிகரிலோ இரவுப் பேருந்தில் ஏறி, மறுநாள் காலை பனியில் கால் வைக்கக் கூடியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ புறப்படுகிறவருக்குக் கணக்கே வேறு. பனி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கே நமக்குப் பணத்தில் பெரும்பங்கும் விடுப்பில் பல நாட்களும் செலவாகிவிடுகின்றன. ஆகவே "எந்த ஊர் மலிவு?" என்று கேட்டு முகவர்களிடம் விலைப்பட்டியல் வாங்குவதில் பயனில்லை என்பதை இந்த ஏற்பாடுகளில் அலைந்து திரிந்து புரிந்துகொண்டேன். கேட்க வேண்டிய கேள்வி, "பனியில் நின்று கற்கும் ஒரு நாளுக்கு எனக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது?" என்பதுதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

1. முதலில் தொகை, பிறகு நாட்கள், கடைசியில்தான் ஊர்

ஒரு தாளில் உங்களால் செலவிட முடிந்த மொத்தத் தொகையை எழுதுங்கள். அதிலிருந்து மூன்றை முதலிலேயே கழித்துவிடுங்கள்: வீட்டு வாசலிலிருந்து மலை வரை போகவர ஆகும் செலவு, குளிருக்கான உடுப்பு, சாலை மூடினாலோ விமானம் ரத்தானாலோ இரண்டு நாள் கூடுதலாகத் தங்குவதற்கான பணம். மிச்சம் இருப்பதுதான் பனிச்சறுக்குக்கான பணம்.

கணக்குப் போடும் முறை விளங்குவதற்காக மட்டும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவரிடம் 45,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் நான்கு இரவுச் சுற்றுலாத் தொகுப்பு ஒன்றில் சேர்ந்து, அதில் ஒரே ஒரு பிற்பகல் மட்டும் பனிச்சறுக்குப் பலகையில் நின்றுவிட்டுத் திரும்பினால், அந்த ஒரு பிற்பகலின் விலை 45,000 ரூபாய். அதே பணத்தை ஆறு நாள் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் ஒரு நாளின் விலை 7,500 ரூபாய். அங்கே மேலும் இரண்டு நாள் தங்கினால் தங்குமிடம், சாப்பாடு, வாடகை ஆகியவை மட்டுமே கூடும். பயணச் செலவு ஒரு ரூபாய்கூட ஏறாது. தொலைவிலிருந்து போகிற நமக்கு, ஊர் எதுவானாலும், குறுகிய பயணமே விலை உயர்ந்த பயணம். ஒரு வாரத்துக்கும் குறைவான விடுப்பு கிடைக்கிறவர்கள் இந்த ஆண்டு பொறுத்திருந்து, அடுத்த ஆண்டு நீண்ட விடுப்பாக எடுத்துப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

இமயமலையில் பனிச்சறுக்குக் காலம் டிசம்பர் இறுதியில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. காஷ்மீரில் டிசம்பர் 21 அளவில் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைச் சில்லாய் கலான் என்பார்கள். அந்த நாட்களில் விழும் பனி இறுகிப் படிந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலமே கற்பவர்களுக்கு ஓரளவு நம்பிக்கையானது.

பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போகலாம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். ஆனால் அந்த வாரத்தில் பேருந்து முதல் விமானம் வரை எல்லாக் கட்டணமும் ஏறிவிடுகிறது. மலையிலும் பனி போதிய அளவு சேர்ந்திருக்கும் என்ற உறுதி இல்லை. 2024 ஜனவரியில் காஷ்மீரின் பெயர்பெற்ற பனிச்சறுக்கு ஊரான குல்மார்க்கே பனியின்றி வறண்டு கிடந்தது. குடியரசு நாளை ஒட்டிய நீண்ட வார இறுதியும் அப்படியே. ஓசூர்ப் பக்கம் ரோஜா பயிரிடுகிறவர்களுக்குப் பிப்ரவரி 14 வரை மூச்சுவிட நேரமிருக்காது; அவர்களுக்கு அதற்குப் பிந்தைய இரண்டு வாரங்கள் இயல்பாகவே பொருந்தும், அப்போது கட்டணமும் சற்று இறங்கியிருக்கும். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இருக்கும் வீடுகளுக்கு அது ஒத்துவராது. அவர்கள் குடியரசு நாள் கூட்டம் ஓய்ந்த பிறகு ஜனவரி கடைசி நாட்களைப் பார்க்கலாம்.

பிப்ரவரியிலும் பனி பொய்க்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. எனவே பணம் திரும்பக் கிடைக்காத அறையையோ பயிற்சியையோ முன்பதிவு செய்யாதீர்கள். "பனி இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள், பணத்தைத் திருப்பித் தருவீர்களா, வேறு தேதி தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. இடங்களை எடைபோடுங்கள்

குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஊரின் உயரம் சுமார் 2,650 மீட்டர். அதாவது நம் தொட்டபெட்டா உச்சியின் உயரத்தில்தான் அங்கே ஊரே தொடங்குகிறது. கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி இரண்டு கட்டமாகப் போகிறது: முதல் கட்டம் கொங்டூரி வரை, இரண்டாவது கட்டம் அஃபர்வட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை. பனியின் ஆழத்திலும் சரிவின் அளவிலும் இந்தியாவில் இதற்கு நிகரான இடம் இல்லை.

செலவு என்று பார்க்கும்போது கற்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவுகள் ஊருக்குள்ளேயே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்மையான மேடுகளில் இருக்கின்றன. அங்கே மேட்டின் மேலே இழுத்துச் செல்லும் சிறிய இழுவை லிஃப்டுகள் போதும். முதல் சில நாட்களுக்குக் கொண்டோலாச் சீட்டே தேவையில்லை. கொங்டூரிச் சரிவு நன்றாகத் திரும்பவும் நிற்கவும் தெரிந்த பிறகு போக வேண்டியது. இரண்டாவது கட்டத்துக்கு மேலே உள்ள சரிவுகள் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியவை. அவை சீர்படுத்தப்படாதவை, பனிச்சரிவு அபாயம் உள்ளவை. 2023 பிப்ரவரியில் அஃபர்வட் பகுதியிலும் 2024 பிப்ரவரியில் குல்மார்க்கிலும் பனிச்சரிவில் வெளிநாட்டு வீரர்கள் உயிரிழந்தார்கள். காட்சி பார்க்க மேலே போய்வரலாம். பலகையை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

தங்குமிடம் குல்மார்க்கில் விலை அதிகம். பதின்மூன்று கிலோமீட்டர் கீழே உள்ள தங்மார்க்கில் மலிவாக அறை கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் கடும் பனி விழுந்தால் தங்மார்க்குக்கு மேலே சக்கரங்களில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் (4x4) வண்டியோதான் ஏற முடியும். தினமும் அந்த வண்டிக்குக் கொடுக்கும் பணத்தையும், காலையில் இழக்கும் இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

ஔலி. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமடத்துக்கு மேலே, சுமார் 2,500 முதல் 3,050 மீட்டர் வரை உயர்ந்து செல்லும் சரிவு இது. எதிரே நந்தாதேவி நிற்கிறது. சரிவு அகலமாகவும் சீராகவும் இருப்பதால் முதல்முறை கற்பவர்களுக்கு இதைவிட மனத்துக்கு இதமான இடம் எனக்குத் தெரியாது. ஆனால் போய்ச் சேருவது கடினம்: ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமடம் சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலை, நாள் முழுவதும் ஓடும், பாறை சரிந்தால் மறுநாளும் ஆகும். ஜோஷிமடத்தில் நிலம் தாழ்ந்ததை அடுத்து, அங்கிருந்து ஔலிக்குச் செல்லும் நான்கு கிலோமீட்டர் கம்பிவட ஊர்தி 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. பல பழைய கட்டுரைகள் இன்னும் அதை நம்பி வழி சொல்கின்றன. முன்பதிவுக்கு முன் அது ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடாவிட்டால் மலைச்சாலையில் வாடகை வண்டிக்கும் பணம் ஒதுக்குங்கள். இங்கே பனி குல்மார்க்கைவிடச் சீக்கிரம் மெலிந்துவிடும். பிப்ரவரி நடுவுக்குப் பின் போகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

சோலாங். இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர். டெல்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து இரவு வண்டியில் ஏறினால் காலையில் மணாலி. எல்லா விலையிலும் அறைகள் உண்டு. குடும்பத்தில் ஒருவர் மட்டும் பழகி மற்றவர்கள் ஊர் சுற்ற வேண்டும் என்றால் இதுவே வசதி. சரிவு சிறியது, கூட்டம் மிகுதி, பனியும் நாளுக்கு நாள் மாறும். "நமக்கு இது ஒத்துவருமா?" என்று சோதித்துப் பார்க்கச் சோலாங் போதும். ஒழுங்காகக் கற்க வேண்டும் என்றால் இங்கே தனியாகப் போய் நிற்பதைவிட, அடுத்த படியில் சொல்லும் மணாலி நிறுவனத்தில் சேர்வது மேல். சிம்லாவை ஒட்டிய குஃப்ரியும் நார்கண்டாவும் இதனினும் சிறியவை. அவற்றுக்காக மட்டும் இங்கிருந்து போக வேண்டாம்.

வெளிநாடு. ஓரளவு பழகிய பிறகுதான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பேன். பணத்துக்கு உகந்தவை இரண்டு. கசகஸ்தானில் அல்மாட்டி நகரத்துக்கு அருகிலேயே உள்ள ஷிம்புலாக். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பதினான்கு நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம், நகரத்தில் மலிவான அறையில் தங்கிக்கொண்டு தினமும் மலைக்குப் போய்வரலாம். அடுத்தது ஜார்ஜியாவின் குடௌரி. தலைநகர் டிபிலிசியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், நீண்ட சரிவுகள், லிஃப்டுகளும் நிறைய. ஆனால் விசா பெற்றுச் சென்ற இந்தியர்களிலும்கூடச் சிலரை எல்லையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அறை முன்பதிவு, திரும்பும் சீட்டு, காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் உள்ள பெரிய மையங்களில் ஒரு நாள் லிஃப்ட் சீட்டே 60 யூரோவைத் தாண்டுகிறது. அங்கே போகத் தேவையான ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ. கீழே விழுந்து எழக் கற்பதற்கு அவ்வளவு பணம் தேவையில்லை.

வளைகுடாவில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. துபாயில் மால் ஆஃப் தி எமிரேட்ஸ் வணிக வளாகத்துக்குள் இருக்கும் ஸ்கீ துபாயில் நீளமான தடம் 400 மீட்டர். தங்குவதற்குச் செலவில்லை என்றால், சில மணி நேரப் பாடத்தை அங்கே முடித்துவிட்டு மலைக்குப் போவது நல்ல ஏற்பாடு.

4. பயிற்சி நிறுவனமா, தனிப் பயிற்றுநரா?

பணத்தைப் பொறுத்தவரை இந்த முடிவே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆனால் இதைப் பற்றித்தான் முகவர்கள் வாய் திறப்பதில்லை.

இந்தியாவில் அரசு சார்ந்த நிறுவனங்கள் பனிச்சறுக்குப் பயிற்சி நடத்துகின்றன. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம். மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற மற்றும் துணை விளையாட்டு நிறுவனம். ஔலியில் உத்தராகண்ட் அரசின் கட்வால் மண்டல் விகாஸ் நிகம். பயிற்சிகள் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பலகை, பூட்ஸ், பயிற்றுநர் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். தனித்தனியாக இவற்றுக்குக் கொடுக்கும் தொகையைக் கூட்டி, இந்தக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாளுக்கான செலவில் உள்ள வேறுபாடு உங்களை வியக்க வைக்கும்.

இதற்கு ஈடாக நீங்கள் சிலவற்றை ஏற்க வேண்டும். அறையைப் பலரோடு பகிர வேண்டியிருக்கும். காலையில் குறித்த நேரத்துக்கு எழ வேண்டும். சாப்பாடு ரொட்டியும் பருப்பும் சோறுமாக இருக்கும். தொடங்கும் தேதி அவர்கள் வைத்ததுதான். பயிற்சி இந்தியில் நடக்கும், ஆங்கிலமும் கலக்கும். முன்னே குனி, முழங்காலை மடக்கு, நில், மெதுவாக என்பதற்கான பத்துப் பதினைந்து இந்திச் சொற்களை முன்னதாகவே பழகிக்கொண்டால் சரிவில் நிற்கும்போது தடுமாற்றம் இராது.

பருவம் தொடங்கும் முன்பே பயிற்சிகளின் கால அட்டவணை வந்துவிடும். இடங்களும் வேகமாக நிரம்பும். தீபாவளி முடிந்ததிலிருந்து அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். கட்டணத்தை அங்கே குறிப்பிட்டுள்ள கணக்குக்கு மட்டும் செலுத்துங்கள். "நான் இடம் வாங்கித் தருகிறேன்" என்று சமூக ஊடகத்தில் வரும் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

தனிப் பயிற்றுநரை வைத்துக்கொள்ள வேண்டிய சூழ்நிலையும் வரலாம்: தேதி ஒத்துவராமை, சிறு பிள்ளைகள், நிறுவனத்தின் வயது வரம்பு. அப்போது நான்கைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்? ஒருவருக்கா, எத்தனை பேருக்குச் சேர்த்தா? பலகையும் பூட்ஸும் கட்டணத்தில் அடங்குமா? லிஃப்ட் சீட்டு யாருடையது? எனக்கு வந்த ஒரு முகவரின் தொகுப்பில் "பனிச்சறுக்கு உண்டு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் அது சமதளத்தில் ஒரு மணி நேரம் பலகையில் நிற்க வைத்துப் படம் எடுப்பது என்று தெரிந்தது. மணி நேரத்தை எண்ணிக்கையாக எழுதித் தராத எந்தத் தொகுப்பையும் தவிர்த்துவிடுங்கள்.

5. போகும் வழி

கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை; நமக்கு நெடும்பயணம் பெரும்பாலும் பெங்களூரு, ஜோலார்பேட்டை அல்லது சேலத்திலிருந்துதான் தொடங்குகிறது. பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர்ச் சாலை நெரிசலைச் சேர்த்துக் கணக்கிடாமல் சீட்டு எடுக்காதீர்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்தைப் பிடித்தால் வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். காலை முதல் விமானம் மலிவாக இருந்தாலும், அதற்காக நள்ளிரவில் தனிக் கார் வைக்க வேண்டியிருந்தால் அந்த மலிவு பொய்யாகிவிடும்.

ரயிலில் போகிறவர்களுக்குப் பெங்களூருவிலிருந்து டெல்லி போகும் கர்நாடகா எக்ஸ்பிரஸ் இரண்டு இரவு எடுக்கும். காஷ்மீருக்கு என்றால், சேலம், ஜோலார்பேட்டை வழியாக வாரம் ஒருமுறை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை செல்கிறது. அங்கிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத் சுமார் மூன்று மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும். விடுப்பு நிறைய இருந்து பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. வடஇந்தியாவில் ஜனவரி மாதப் பனிமூட்டத்தில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொன்றைப் பிடிக்க வேண்டுமானால் இடையில் ஓர் இரவு விடுங்கள். ஸ்ரீநகர் விமானங்களும் பனியால் ரத்தாவது உண்டு. பயிற்சி தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விட வேண்டும்.

நம் வாசலைக் கடந்து போகும் என்.எச். 44 சாலை ஸ்ரீநகரில்தான் தொடங்குகிறது என்பது உண்மையே. அதற்காகச் சொந்தக் காரில் போக நினைக்க வேண்டாம். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய உடலோடு சரிவில் நிற்க முடியாது.

6. ஆவணங்கள்

நம்மவர்களுக்குப் பெயரில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆதாரில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், வங்கிக் கணக்கில் தந்தை பெயரை விரித்து எழுதிய ஒரு பெயர், விமானச் சீட்டில் வேறொன்று என்று இருந்தால் நிறுவனப் பதிவிலிருந்து காப்பீடு வரை எல்லாம் இழுபடும். எந்த அடையாள அட்டையை எடுத்துச் செல்கிறீர்களோ, அதில் உள்ளபடியே எல்லாச் சீட்டிலும் பெயரை எழுதுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, ஒற்றைப் பெயரோடு வைத்திருப்பவர்கள் துபாய் போக நினைத்தால் முதலில் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதற்கு 2022 நவம்பர் முதல் அங்கே கட்டுப்பாடு உண்டு.

உள்நாட்டுப் பயிற்சிக்குத் தேவையானவை: ஆதாரின் அசலும் நகல்களும், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், பூர்த்தி செய்த விண்ணப்பம், எம்.பி.பி.எஸ். மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்று, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம். மருத்துவச் சான்று நிறுவனம் தரும் படிவத்திலேயே இருக்க வேண்டும்; அச்சிட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தம், ஆஸ்துமா, பழைய முழங்கால் காயம் எதையும் மறைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்குக் கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். 36 பக்கக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்பில் தாமதமாகலாம் என்பதால் ஐப்பசியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வெளிநாட்டுத் தொகுப்பை முகவரிடம் வாங்கினால் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்யலாம், ஆனால் அதுவரை அந்தப் பணமும் உங்கள் கையில் இருக்காது.

காப்பீட்டில் கவனம் வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, சாகச விளையாட்டுக் காயங்களை விலக்கி வைத்திருக்கின்றன. பனிச்சறுக்கு அடங்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

காஷ்மீர் போகிறவர்களுக்கு ஒன்று: நம் ஊர்ப் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டுமே வேலை செய்யும். குழுவில் ஒருவராவது இரண்டு வாரம் முன்னதாகவே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். தொடர்பு இல்லாவிட்டால் யுபிஐயும் இல்லை, ரொக்கம் வைத்திருங்கள்.

7. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

பலகை, பூட்ஸ், கைக்கோல், தலைக்கவசம் ஆகியவற்றை வாடகைக்கு எடுங்கள். தோலை ஒட்டிய தெர்மல் உடை இரண்டு செட், நீர்புகாக் கையுறை, கண்காப்புக் கண்ணாடி, முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறை ஆகியவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். பெங்களூருவில் உள்ள பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் நவம்பரிலேயே வாங்கிவிட்டால் அளவு கிடைக்கும். நீர்புகா மேலாடையை நண்பரிடம் இரவல் கேட்கலாம். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது.

பூட்ஸ் விஷயத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயிற்சியைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் கால் வலியால்தான் விடுகிறார்கள். பனிச்சறுக்குப் பூட்ஸின் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீண்ட விரலின் நுனி வரை அளந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரே ஒரு காலுறையோடு அணியுங்கள்; இரண்டு போட்டால் சூடு அதிகமாகாது, மடிப்பு விழுந்து புண்ணாகும். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கியதும் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழக்கூடாது. உள்ளே கைவிட்டுப் பாருங்கள், உள்ளுறை ஈரமாக இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள்.

பலகை புதியவருக்கு மார்புக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட உயரம் போதும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிமானம், விழும்போது தானே கழன்றுகொள்ளும்படி உங்கள் எடை, உயரம், பூட்ஸின் நீளம், அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்துத் திருகி வைக்கப்படுகிறது. எடையைக் குறைத்தோ அனுபவத்தைக் கூட்டியோ சொன்னால் அது உரிய நேரத்தில் கழலாமலோ வேண்டாத நேரத்தில் கழன்றோ முழங்காலைப் பதம்பார்த்துவிடும். கடைக்காரர் கேட்காவிட்டால் நீங்களே எடையைச் சொல்லுங்கள்.

8. உடலைத் தயார்ப்படுத்துங்கள்

இரண்டு மாதம் போதும், செலவும் இல்லை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கோட்டை மலையும், அரூர்ப் பக்கத்தவர்களுக்குத் தீர்த்தமலைப் படிகளும் இருக்கின்றன. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கும்போது தொடையில் வரும் அந்த வலிதான் சரிவிலும் வரப்போகிறது. மலைக்குப் போன முதல் நாள் ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் சேர்ந்து வந்தால் மேலே ஏறாமல் பயிற்றுநரிடம் சொல்லுங்கள்.

9. போய்ச் சேர்ந்த பிறகு

மணாலி, சோலாங் சாலையிலும் தங்மார்க்கிலும் ஓட்டுநர் ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "இங்கே உடையும் பூட்ஸும் எடுக்காவிட்டால் மேலே விடமாட்டார்கள்" என்பார். அப்படி ஒரு விதியும் இல்லை. நிறுவனத்தில் சேர்ந்திருந்தால் எல்லாம் அங்கேயே கிடைக்கும். உடுப்பு உங்களிடமே இருக்கிறது. வண்டியை விட்டு இறங்காமல் மறுத்துவிடலாம்.

குல்மார்க்கில் கொண்டோலாச் சீட்டு இணையத்தில்தான் விற்கிறது. இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய் என்று கணக்கில் வையுங்கள். காற்று பலமாக இருந்தால் இரண்டாவது கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். சீட்டு இருக்கும்போது வழிகாட்டி கட்டாயம் என்று சூழ்ந்துகொள்கிறவர்களுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பனிச்சறுக்கு வண்டி, குதிரை என்று வருகிறவர்களிடமும் விலையை முதலிலேயே பேசி முடியுங்கள்.

வாடகைப் பொருளை வாங்கியதும், பலகையின் இரு ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். ஏற்கனவே உள்ள கீறலுக்கு நீங்கள் பணம் கட்ட நேராது. முன்பணத்துக்குப் பதிலாக ஆதார் அசலைக் கேட்டால் கொடுக்காமல் நகலும் ரொக்கமும் கொடுங்கள். கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிவிடுங்கள். மறுநாள் காலை வண்டி கிளம்பும் நேரத்தில் அந்தக் கடை திறந்திருக்காது.